மாடிப்படி ஏறி வாங்கிய ரம்பம்

மதினி,

இன்று காலை பின்னறையைத் திறந்ததும் பெட்ரோலும் எண்ணெயும் கலந்த அந்த வாடைதான் முதலில் வந்தது. மிளகுச் சாக்கு, காப்பி மூட்டை, காயப்போட்ட மலைவாழைச் சருகு, எல்லாவற்றின் வாசனையையும் ஒதுக்கித் தள்ளிவிட்டு வந்தது. அதற்குப் பின்னால், கொஞ்சம் தயங்கி, தைல மரத்தூளின் வாசனை. மர அறுப்பு மெஷினைச் சுற்றி நீங்கள் கட்டிவைத்த பச்சைச் சேலைத்துணி அப்படியே இருக்கிறது. நீங்கள் போன பிறகு அந்த முடிச்சை அவிழ்க்க எனக்குக் கை வரவில்லை. இன்றைக்கு அவிழ்த்தேன். அவிழ்த்துவிட்டு, அதன் பக்கத்திலேயே சாக்கின் மேல் உட்கார்ந்துகொண்டு உங்களுக்கு எழுதுகிறேன்.

வெளியே ஒன்றுமே தெரியவில்லை. பண்ணைக்காட்டு மூடுபனியை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாசலில் நிற்கிற ஆரஞ்சு மரம் இருக்கிறதா இல்லையா என்று தொட்டுப் பார்த்தால்தான் உண்டு. உங்கள் பெரியவன் திண்டுக்கல்லிலிருந்து முதல் பஸ்ஸில் ஏறிவிட்டதாகப் போன் செய்தான். பனி விலகி, அவனும் வந்து, மேல்தோட்டத்துச் செல்லையாவும் கயிற்றோடு வந்தால்தான் வேலை. அதுவரை எனக்குக் காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

என்ன வேலை என்று கேட்பீர்கள். மேல்வரப்பு மூலையில் நாம் விட்டுவைத்தோமே, அந்தக் கடைசித் தைல மரம், அது வீட்டுப் பக்கம் சாய ஆரம்பித்துவிட்டது. நாம் விட்டபோது அது ஓடையைப் பார்த்துத்தான் நின்றது. போன மழையில் அடிமண் கரைந்து வேர் பாதி வெளியே வந்துவிட்டது. காற்று அடித்தால் அது முனகுவது என் படுக்கைக்குக் கேட்கிறது. ஐப்பசி மழை பிடிப்பதற்குள் அதை இறக்கியாக வேண்டும். இறக்க முடியாவிட்டால் நான் வீட்டைப் பூட்டிவிட்டுப் பெரியவனோடு கீழே போக வேண்டும். அப்படித்தான் அவனும் நானும் பேசி வைத்திருக்கிறோம். அவன் வீட்டில் எனக்கென்று ஒரு அறை ஒழித்து, ஜன்னலுக்குத் திரைகூடப் போட்டாயிற்றாம். உங்கள் மகன் நல்ல பிள்ளை. அதனால்தான் மறுத்துப் பேசவும் முடியவில்லை.

நான் இந்த வீட்டுக்கு வந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். கொடைக்கானல் ஹாஸ்டலில் வார்டனாக இருந்து, அடுத்தவர் பிள்ளைகளை எழுப்பிக் குளிக்கவைத்து, மணியடித்தால் சாப்பிட்டு மணியடித்தால் படுத்து, ஓய்வு கொடுத்ததும் ஒரு டிரங்குப் பெட்டியும் குடையுமாக வந்து நின்றேன். அண்ணன் அப்போது உயிரோடு இல்லை. அண்ணன் இல்லாத அண்ணன் வீட்டில் ஒரு நாத்தனாருக்கு என்ன இடம்? ஒரு மாதம் இருந்துவிட்டு ஏதாவது ஊரில் வாடகைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் வந்தேன். ஒரு எலுமிச்சங்காய் பறிப்பதற்குக்கூட உங்களைக் கேட்டுவிட்டுப் பறித்தேன். நீங்களும் ‘பறிச்சுக்க’ என்று சொல்வீர்களே தவிர, கேட்காதே என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அது எனக்கு வருஷக்கணக்கில் உள்ளே ஒரு முள்ளாக இருந்தது. இன்றைக்குத்தான் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம் ஒரு வருஷம் காற்று பலமாக அடித்து, வரப்பில் நின்ற தைல மரம் ஒன்று விழுந்து மாட்டுக் கொட்டகையின் ஓட்டை உடைத்தது. மாடு மயிரிழையில் தப்பியது. மூலை மரத்தைத் தவிர, வரிசையாக நின்ற மற்ற மரங்களும் வீட்டை எட்டிப் பார்த்தபடிதான் நின்றன. வெட்ட அனுமதிக்கு எழுதிப் போட்டு, ஆள் வந்து பார்த்து, சரி என்றார்கள். மரம் எடுக்கிற ஒப்பந்தக்காரர் ஒருவர் வந்தார். தைல மரத்தை வெட்டித் தருகிறேன், ஆனால் மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக்கையும் பலாவையும் சேர்த்துக் கொடுத்தால்தான் லாரி மேலே வரும் என்றார். நீங்கள் அவருக்குக் காப்பி கொடுத்து, தோட்டம் முழுக்கச் சுற்றிக் காட்டி, மரியாதையாக வழியனுப்பிவிட்டு வந்து சொன்னீர்கள்: “நம்மளே ஒரு மெஷின் வாங்கிருவோம் சரசு.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் நான் படித்தவள் அல்லவா. போனில் பார்த்துப் பார்த்து ஒரு வாரம் ஆராய்ச்சி செய்தேன். சத்தம் போடாத பேட்டரி ரம்பம்தான் நமக்குத் தோது என்று முடிவுக்கு வந்தேன். நீங்கள் முழுவதும் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, இங்கே மழை என்றால் கரண்ட் எத்தனை நாள் வராது என்று மட்டும் கேட்டீர்கள். சரி, வயர் போட்டு ஓட்டுகிற ரம்பம் என்றேன். வரப்பு வரைக்கும் வயர் இழுக்க நீ கம்பம் நட்டுத் தருகிறாயா என்றீர்கள். அதோடு என் ஆராய்ச்சி முடிந்தது. பெட்ரோல் மெஷின்தான் என்று ஆயிற்று.

வத்தலக்குண்டில் அன்றைக்கு என்ன வெயில். மலையிலிருந்து இறங்கியவர்களை அந்த ஊர் வெயில் கண்டுபிடித்து அடிக்கும். நாம் இரண்டு பேரும் கடைக்குள் நுழைந்ததும் கடைக்காரர், பூச்சி மருந்து அடிக்கிற டப்பா வாங்க வந்திருக்கிறோம் என்று நினைத்து அந்தப் பக்கம் கை காட்டினார். மரம் அறுக்கிற மெஷின் என்றதும் நமக்குப் பின்னால் யாராவது ஆண்பிள்ளை வருகிறாரா என்று எட்டிப் பார்த்தார். உங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பிறகு நல்ல மனிதராகவே இருந்தார். மூன்று மெஷினை எடுத்து வைத்தார். நீங்கள் வாசல் நிலை இடிக்கிற உயரம். உங்களைப் பார்த்துவிட்டு, “அம்மா உயரத்துக்கு நீளமான வாள் இருக்கிறத எடுங்க, குனிய வேண்டாம்” என்று பெரியதைக் காட்டினார். நீங்கள் அதை ஒரு கையால், தண்ணீர்க் குடத்தை நகர்த்துகிற மாதிரி தூக்கி வைத்தீர்கள். வைத்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள். நான் உங்கள் தோளுக்குக்கூட வராதவள்.

“ஏத்தா, இதத் தூக்கிட்டு மாடி ஏறி எறங்கு பாப்போம்.”

நம் மலையில் இது ஒரு வழக்கம்தான். மண்வெட்டி வாங்கினாலும் கூடை வாங்கினாலும் மேட்டில் ஒரு முறை ஏறிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார்கள். ஆனால் தரை மட்டமாகக் கிடக்கிற வத்தலக்குண்டில் மேட்டுக்கு எங்கே போவது? கடைக்காரரின் மாடிப்படியை நீங்கள் பிடித்துக்கொண்டீர்கள். “கடையில நின்னு தூக்குனா எல்லாம் லேசாத்தான் இருக்கும். ஏறும்போதுதான் சாமானோட கனம் தெரியும்” என்று அவருக்கும் விளக்கம் சொன்னீர்கள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு மாடிக் கதவைத் திறந்துவிட்டார்.

பெரியதைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். மொட்டை மாடி வெயிலில் ஒரு நிமிடம் நின்று இறங்கினேன். நடு மெஷினைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். உரம் வாங்க வந்த ஆட்கள் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஹாஸ்டலில் என் நிழலைப் பார்த்தாலே பிள்ளைகள் ஓடி ஒளியும். அப்படிப்பட்ட நான் சேலையைச் செருகிக்கொண்டு, மூச்சு வாங்க, படி ஏறி இறங்கினேன். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “மதினி, அறுக்கப் போறது நீங்க. நான் என்னத்துக்கு ஏறணும்? என்னையக் கழுதைன்னு நெனச்சீங்களா?” என்று கேட்டேவிட்டேன். பதிலுக்கு நீங்கள் மூன்றாவதாக, இருந்ததிலேயே சின்னதை என் கையில் கொடுத்தீர்கள். அதைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது நான் சுவரைப் பிடிக்கவில்லை. நீங்கள் மெஷினைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

இதுதான் என்றீர்கள். தடித்த மரத்துக்கு இது பத்தாது என்று நான் வாதாடினேன். கடைக்காரரும் என் பக்கம்தான். இரண்டு பக்கமும் நின்று அறுத்தால் போச்சு என்று அவர் வாயையும் அடைத்தீர்கள். ஸ்டார்ட் செய்கிற கயிற்றையும் என்னையே இழுக்கச் சொன்னீர்கள். உங்களுக்குத் தோள் வலி என்றீர்கள். நான் நம்பினேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அது நம் கால்களுக்கு நடுவில், சாக்குக்குள், ஆட்டுக்குட்டி போலக் கிடந்தது. வளைவுக்கு வளைவு வெயில் குறைந்துகொண்டே வந்தது. புளிய மரம் போய் மூங்கில் வந்தது, மூங்கில் போய் ஆரஞ்சுத் தோட்டம் வந்தது. கீழே சமவெளி பாலாடை படிந்த மாதிரி மங்கிக்கொண்டே போனது. நீங்கள் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டீர்கள். ஒரு கை மட்டும் சாக்கின் வாயைப் பிடித்தபடி இருந்தது. எனக்கு அந்தப் பயணம் முடியவே வேண்டாம் என்று இருந்தது. ஏன் என்று அப்போது தெரியவில்லை. இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

முதல் நாள் கூத்தை நினைத்தால் இந்தச் சாக்கின் மேல் உட்கார்ந்தபடியே சிரிப்பு வருகிறது. மெஷினுக்குப் பெட்ரோலில் கொஞ்சம் ஆயில் கலக்க வேண்டும்; அண்ணனின் பழைய மொபெட்டுக்கு அப்படிக் கலக்கிற பழக்கம் உங்களுக்கு. அளவு மூடி கொடுத்திருந்தும் அதைத் தூக்கி எறிந்துவிட்டு, கையளவாக ஊற்றினீர்கள். நன்றாக ஓடட்டும் என்று நானும் கொஞ்சம் ஊற்றினேன். மெஷின் கிளம்பியதும் கிளம்பியது, நீலப் புகை தைல மரங்களுக்கு மேலே எழும்பி மலை முழுக்கப் படர்ந்தது. மாசி மாதம், புல்லெல்லாம் காய்ந்து கிடந்த நேரம். காட்டுத் தீ என்று நினைத்து, மேல்தோட்டத்திலிருந்து செல்லையா தீயை அடித்து அணைக்கப் பச்சைக் கிளையை ஒடித்துக்கொண்டு ஓடி வர, அவர் பின்னால் பாதி ஊர் கிளையும் கையுமாக வந்து நின்றது. தீயைக் காணோம். புகைக்குள்ளிருந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு நாம் இரண்டு பேர். வந்தவர்கள் அத்தனை பேருக்கும் காப்பி போட்டது நான்தான். நீங்கள் அந்த வாரம் முழுக்க ரோட்டுப் பக்கமே போகவில்லை.

அதற்குப் பிறகு எத்தனை காலை. பனியில் நீங்கள் மரத்தை அறுத்துச் சாய்ப்பீர்கள், விழுந்ததும் நான் மெஷினை வாங்கிக் கிளைகளை அறுத்து அடுக்குவேன். மெஷின் நின்றதும் வருகிற அந்த நிசப்தத்தில் ஓடைத் தண்ணீர் மெதுவாகக் கேட்கத் தொடங்கும். அப்புறம் ஏதோ ஒரு குருவி.  வெட்டுவதற்கு முந்தின சாயங்காலம் நீங்கள் அரிவாளின் பின்பக்கத்தால் மரத்தைத் தட்டி, உள்ளே இருக்கிறவர்கள் இடம் மாறிக்கொள்ளுங்கள், நாளைக்கு வெட்டப் போகிறோம் என்று சொல்லிவிட்டு வருவீர்கள். அணிலுக்குத் தமிழ் தெரியுமா என்று நான் கிண்டல் செய்வேன். நேற்றுச் சாயங்காலம் நானே போய்த் தட்டிச் சொல்லிவிட்டு வந்தேன். கூச்சமாகத்தான் இருந்தது.

பனி கொஞ்சம் விலகுகிறது. ஆரஞ்சு மரம் தெரிகிறது. பாதையில் பெரியவன் குரல் கேட்கிறது. பேனாவை மூடுகிறேன்.

மறுநாள்.

நேற்றுத் தொடர முடியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

செல்லையா மரத்தில் பாதி உயரம் ஏறிக் கயிறு கட்டி, அதை ஓடைப் பக்கத்துப் பாறையைச் சுற்றி இழுத்து இறுக்கினார். வீட்டுக்கு எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டால்தான் மரம் வரப்போடு விழும். கயிறு வழுக்கினால் உங்கள் சமையற்கட்டு போய்விடும். அது மூன்று பேருக்கும் தெரியும். என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுப் பெரியவன் மெஷினை எடுத்தான்.

அவன் உங்கள் உயரம், மதினி. உங்கள் கை, உங்கள் நடை. அவன் குனிந்து அடிமரத்தில் வாள் வைத்தான். விழ வேண்டிய பக்கத்தில் கொஞ்சம் அறுத்திருப்பான். அதற்குள் மெஷினை நிறுத்திவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான்.

“அம்மா எப்படித்தான் இத வச்சு அறுத்தாங்களோ அத்தை. முட்டி போட்டுக் குனிய வேண்டியிருக்கு. இது என் அளவுமில்ல, அவங்க அளவுமில்ல. உங்க அளவுக்கு வாங்குன மாதிரில்ல இருக்கு.”

அவன் சும்மா போகிற போக்கில் சொன்னான். நான் அவன் கையிலிருந்த மெஷினைப் பார்த்தேன்.

ஒவ்வொரு மரமும் விழுந்த பிறகு நீங்கள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வெகு நேரம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். ராத்திரி சுடுதண்ணீர் ஒத்தடம் கேட்பீர்கள். வயசாகிறது என்பீர்கள். நானும் வயசுதான் என்று நினைத்தேன். நீளமான வாள் வாங்கியிருந்தால் உங்களுக்கு அந்த வலியே வந்திருக்காது. கடைக்காரர் படித்துப் படித்துச் சொன்னார். உங்களுக்கும் தெரியாமலா இருந்திருக்கும்? என்னைப் படி ஏற்றி இறக்கி, என் மூச்சைக் கேட்டு, என் கை சுவரைத் தேடுகிறதா என்று பார்த்து, என் உடம்புக்கு ஒரு ரம்பம் வாங்கி, அதை வைத்து இத்தனை வருஷம் நீங்கள் குனிந்து அறுத்திருக்கிறீர்கள். அப்போது உங்களுக்கு ஒரு நோயும் இல்லை. நல்லா இருந்தீர்கள், சிரித்துக்கொண்டு இருந்தீர்கள். இருந்தும், உங்களுக்குப் பிறகு இந்த மேட்டில் இருக்கப் போகிறவள் நான்தான் என்று அன்றைக்கே கணக்குப் போட்டுவிட்டீர்கள். நான்தான் எலுமிச்சங்காய்க்கு அனுமதி கேட்டுக்கொண்டிருந்தேன்.

மெஷினைக் கொடு என்று வாங்கினேன். பெரியவன் மறுத்தான். செல்லையா கயிற்றைப் பிடித்தபடி, “விடுங்க தம்பி, கெளை அறுக்கிறதெல்லாம் இவங்க கைதான், எனக்குத் தெரியும்” என்றார். முதல் இழுப்பில் மெஷின் கிளம்பவில்லை. அடுத்ததில் கிளம்பியது. முன்பக்கம் வாய் மாதிரி வெட்டி எடுத்துவிட்டு, பின்பக்கம் போய் இரண்டு புறமும் மாறி மாறி நின்று அறுத்தேன். பயமாக இருந்தது.  மரம் ஒரு முறை கரகரத்தது. நான் மெஷினை அணைத்துவிட்டு, செல்லையா காட்டியிருந்த பக்கம் நடந்தேன். ஓடக் கூடாது என்று நீங்கள் சொல்வீர்கள்.

மரம் அவசரப்படவில்லை. உச்சி முதலில் பனிக்குள் அசைந்தது. பிறகு யாரோ தூக்கத்தில் புரண்டு படுக்கிற மாதிரி, மெதுவாக, வரப்போடு நீளமாகப் போய்ப் படுத்தது. இலைகள் அடங்க வெகு நேரம் ஆயிற்று. அது நின்ற இடத்தில் ஒரு வெளிச்சம் திறந்து, அது நேராக நம் வீட்டு ஓட்டின் மேல் வந்து விழுந்தது. பெரியவன் என் தோளைப் பிடித்துக்கொண்டான். அழுகிறானா சிரிக்கிறானா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் அவன் மறுபடியும் பேச்சை எடுத்தான். மரம் போய்விட்டது, சந்தோஷம். ஆனாலும் மழைக்காலம், பாதை வழுக்கும், கரண்ட் இருக்காது. அவனோடு அப்போதே கிளம்பினால் இருட்டுவதற்குள் போய்விடலாம் என்றான். “அம்மா இருந்தா உங்களத் தனியா விடுவாங்களா அத்தை?” என்றும் கேட்டான்.

அந்தக் கேள்விக்கு வேறு எந்த நாளிலும் என்னிடம் பதில் இருந்திருக்காது.

“உங்கம்மா என்னைய அளவெடுத்து இங்க வச்சுட்டுப் போயிருக்காங்கப்பா. இது என் வீடு. நீ பொங்கலுக்குப் பிள்ளைகளைக் கூட்டிட்டு வா.”

அவனுக்கு அது முழுசாகப் புரிந்திருக்காது. ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டான். பஸ் நிறுத்தம் வரை கூடவே நடந்துபோய் ஏற்றிவிட்டு வந்தேன். வீட்டுக்குள் வந்ததும் அழுகை வந்தது. அடக்கவில்லை, ஆசை தீர அழுதேன். நீங்கள் போன அன்றுகூட இப்படி அழவில்லை. அன்றைக்கு இழந்தது எது என்று எனக்குப் பாதிதான் தெரிந்திருந்தது.

இப்போது மெஷினைத் துடைத்து, அரத்தை எடுத்துப் பல் ஒவ்வொன்றாகத் தீட்டிவிட்டேன். மரம் வரப்பில் அப்படியே கிடக்கிறது. துண்டு போட்டு அடுக்க வேண்டும், கிளைகளை மழைக்கு முன் உள்ளே சேர்க்க வேண்டும், வேர் இருந்த பள்ளத்தில் மண் போட்டு ஏதாவது நட வேண்டும். என்ன நடுவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. யாரையும் கேட்கப் போவதில்லை, மதினி. நாளைக்கு வெள்ளனே எழுந்துவிட வேண்டும்.

சரசு